கலெக்டருக்கு ஒரு மூலை

அந்தப் பூனைக்குக் கலெக்டர் என்று பேர் வைத்தது இசக்கிப்பாண்டிதான். எந்தச் சட்டியைத் திறந்தாலும் வந்து எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டு, திருப்தியில்லாத முகத்தோடு திரும்பிப் போகும். அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய்க்கு அது பிடித்திருந்தது. அவள் சமையலைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிற ஒரே ஜீவன் அதுதான்.

அது நூலின்மேல் மூத்திரம் போக ஆரம்பிக்கிறவரைக்கும்.

சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. இசக்கிப்பாண்டி ராத்திரி முழுக்க விசைத்தறி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவன். ஆறுமுகத்தாய் வீட்டிலேயே தார் சுற்றுகிறவள். தறி முதலாளி வீரபாண்டி அண்ணாச்சியிடம் நூல் கழிகளை வாங்கிவந்து, ராட்டையில் மாட்டி, சின்னக் குச்சிகளில் தாராகச் சுற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த மறுவாரம் பிடித்த ராட்டைக் கைப்பிடியை இன்னும் விட்டபாடில்லை. இதுவரை சுற்றிய நூலைப் பிரித்து நீட்டினால் மெட்ராஸுக்குப் போய்த் திரும்பி வரலாம். அவள் போனதென்னவோ வாசுதேவநல்லூர் வரைக்கும்தான். அதுவும் ஒரு சாவு வீட்டுக்கு.

முதல் தடவை நூல் நாறியபோது வீரபாண்டி முனகியதோடு விட்டுவிட்டார். அடுத்த தடவை வெள்ளை நூலில் மஞ்சள் திட்டைக் கண்டதும் மூக்கருகே கொண்டுபோய், தும்மி, தாரை அவள் மடியில் போட்டார்.

“இந்தா பாரு தாயி, இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு ஒருத்தி கல்யாண வீட்டுக்குப் போனா, பந்தியில பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாக. ஒண்ணு பூனை, இல்லன்னா நூலு. இன்னொரு தார் இப்பிடி வந்துச்சு, வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

ஆறுமுகத்தாய் தெரிந்த வைத்தியமெல்லாம் பண்ணினாள். பூனையின் மூக்கை ஈரத்தில் தேய்த்தாள். விளக்குமாற்றால் ஒன்று வைத்தாள். அதற்குப்பின் கலெக்டர் அவள் கண்முன்னே போவதை நிறுத்திக்கொண்டு, முதுகுக்குப் பின்னே போனது. பக்கத்து வீட்டு ஜரினா சொன்னாளென்று பெனாயில் ஊற்றிக் கழுவினாள். அந்த வாடையைத் தனக்கு வைத்த அழைப்பென்று நினைத்ததோ என்னமோ, நேராக அங்கேயே வந்து உட்கார்ந்தது.

“வெள்ளிக்கெழம பனவடலிசத்திரம் போறேன்,” என்றான் இசக்கிப்பாண்டி, கண்ணைத் திறக்காமலே. “சாக்குல கட்டி அங்கன எறக்கி விட்டுட்டு வாரேன். நீ ஒண்ணும் பேசாத.”

அவள் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பூனை போனால் வீடு என்ன ஆகும் என்று யோசித்தாள். ஒன்றும் ஆகாது. அதுதான் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

வியாழக்கிழமை கோயிலுக்குப் போனாள். இந்த ஊரில் உடம்பில் சிரங்கு வந்தாலும் வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் கோமதியம்மன் கோயில் புற்றுமண்தான். பூனைக்கு ஆகுமென்று யாரும் சொன்னதில்லை, ஆகாதென்றும் சொன்னதில்லை. ஒரு பொட்டலம் எடுத்துவந்து கலெக்டரின் நெற்றியில் பூசினாள். மீதியை நூல் கூடைக்கு முன்னால் கோடு மாதிரி கொட்டி, “தாயே, இதத் தாண்டாமப் பாத்துக்கோ,” என்று கும்பிட்டாள்.

கலெக்டர் வந்தது. கோட்டை மோந்தது. தாண்டவில்லை. முன்னங்காலால் பரபரவென்று தோண்டி, குழி பறித்து, அதன்மேல் பவ்வியமாக உட்கார்ந்தது.

“அய்யய்யோ!” ஆறுமுகத்தாய் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். “தாயே, வாயில்லா ஜீவன், மன்னிச்சிரும்மா!”

சத்தம் கேட்டு வந்த ஜரினா வாசலிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். “யக்கா, இது கலெக்டரு இல்லக்கா, ரவுடி!”

“சிரிக்காதட்டி. சாமி குத்தமாயிரும்.”

பூனை இருவரையும் சட்டை பண்ணவில்லை. மண்ணை இழுத்து இழுத்து மூடியது. மோந்து பார்த்து, போதாதென்று இன்னும் கொஞ்சம் மூடியது. இத்தனை வெட்கமுள்ள பிராணியா நூலில் போனது? ஆறுமுகத்தாய் கன்னத்தில் வைத்த கையை எடுக்காமல் கொல்லையைத் திரும்பிப் பார்த்தாள். மழைக்குச் சேறாகிறதென்று பங்குனியில் இசக்கிப்பாண்டி தன் கையாலேயே முழுக்கச் சிமெண்ட் பூசியிருந்தான். தோண்டுவதற்கு ஒரு பிடி மண் இல்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இது வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரியும். இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பொம்பளைகள் விடிவதற்கு முன்னால் ஊருக்கு வெளியே முள்மரம் மண்டிய உடங்காட்டுக்குப் போய் வர வேண்டும். அந்தக் காட்டையும் பாதி வெட்டி பிளாட் கல் நட்டுவிட்டார்கள். பகலில் வயிறு கடுத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு ராட்டையைச் சுற்ற வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை இசக்கிப்பாண்டி சாக்கை உதறியபோது அவள் குறுக்கே நின்றாள்.

“பூனைய விடுங்க. கொல்லையில அந்த மூலைய மட்டும் ஒடச்சுக் குடுங்க.”

“எதுக்குளா?”

“அது வெளிய போறதுக்கு.”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “நமக்கே கக்கூஸ் இல்ல. கலெக்டருக்குக் கேக்குதோ?”

“இல்லாத பாடு எனக்குத் தெரியும்லா. நீங்க நெனச்ச நேரம் சொவரு ஓரமா நின்னுட்டு வந்துருவீக. நான் இருட்டுற வரைக்கும் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கேன்.”

இசக்கிப்பாண்டி சாக்கைக் கீழே போட்டான். பிறகு கடப்பாரையைத் தேடிப் போனான். அவ்வளவு பெருமையாகப் பூசிய சிமெண்டைத் தானே உடைக்கும்போது ஒவ்வொரு இடிக்கும் ஒரு வசவு வைத்தான். ஆறுமுகத்தாய் ஓடையிலிருந்து இரண்டு ஓலைப்பெட்டி மணல் சுமந்துவந்து கொட்டினாள். கலெக்டர் வந்து எட்டிப் பார்த்தது. வழக்கம்போலத் திருப்தியில்லாத முகத்தோடு திரும்பிப் போனது.

“போச்சுடா,” என்றான் அவன்.

அன்றைக்கு அவளுக்கு நூலிலும் கண், பூனையிலும் கண். இழை நாலு தடவை அறுந்தது.

காலையில் எழுந்ததும் கூடையைக் கவிழ்த்து, கழிகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தாள். கஞ்சி வாடை மட்டுமே அடித்தது. கொல்லை மூலையில் மணல் ஒரு பக்கமாக ஒழுங்காகக் குவிந்திருந்தது.

இனிமேல் தினமும் அதை அள்ளிக் கொட்ட வேண்டும். யார் அள்ளுவது என்று இந்த வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை. ஆறுமுகத்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உடைந்த முறத்தைத் தேடினாள்.