ஹார்டிங் வீட்டு பீர்க் குழாய்களும் கார்மேகத்தின் விடுப்பும்

கார்மேகம் எங்கள் கம்பெனியில் பிளம்பர். மணப்பாறைக்குத் தெற்கே பதினோரு கிலோமீட்டரில் ஊர். பஹ்ரைனுக்கு வந்தது 2002 செப்டம்பர் 14. அதற்கு எண்பத்திரண்டு நாள் முன்புதான் விராலிமலைப் பக்கத்து நாகவள்ளியைக் கட்டியிருந்தார். பிறகு 2004-இல் ஒருமுறை நாற்பத்தைந்து நாள் விடுப்பில் போய் வந்தார். ஆகத் திருமணமாகி நான்கு வருடம் ஐந்து மாதத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்தது நூற்று இருபத்தேழு நாள். குழந்தை இல்லை.

நான் அந்தக் கம்பெனியில் பதினெட்டு வருடம் ஆள்கணக்குப் பதிவேடு பார்த்தவன். வருகை, விடுப்பு, விசா எல்லாம் என் மேசையில்தான். தொழிலாளர்களின் பாஸ்போர்ட் என் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியில் இருந்தது. சாவி என்னிடம் உண்டு. விடுப்புத் தாளில் மேலாளர் ஹார்டிங் கையெழுத்துப் போடாமல் அந்தச் சாவியால் ஒன்றும் ஆகாது.

2006-இல் கார்மேகத்தின் விடுப்பு ஜூனில் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் தள்ளிப்போனது. இரண்டுக்கும் காரணம் வேலை நெருக்கடி. ஜூலையிலேயே நாகவள்ளி தாய்வீடு போய்விட்டாள். அவளுடைய பெரியப்பா பன்னீர்செல்வம் அந்தப் பக்கத்தில் சொல்லுக்கு மதிப்புள்ள ஆள். அவர் கார்மேகத்தின் அண்ணன் வீரபாண்டியைக் கூப்பிட்டு நவம்பர் 19, ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவது என்று முடிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அன்றைக்கு நேரில் வர வேண்டும், வராவிட்டால் கல்யாணத்தையே தீர்த்துக்கொள்வது. பஹ்ரைனில் கடைக்குக் கடை சாராயம் ஓடுவதாகவும், ஊருக்கு வராதவன் எல்லாம் குடியில் விழுந்தவன் என்றும் அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

கார்மேகம் குடிப்பவர் அல்ல. மனாமாவின் குதைபியா பகுதியில் ஆறு பேர் தங்கும் அறையில் வியாழன் இரவு யாராவது பாட்டில் திறந்தால் வராந்தாவில் போய் நிற்பார். வாடை ஆகாது.

விடுப்புத் தாளை நவம்பர் 2 அன்று கொடுத்தார். 16-ஆம் தேதி, வியாழக்கிழமை, கொழும்பு வழியாகத் திருச்சிக்கு இடம் கிடைத்தது. ஹார்டிங் தாளைப் பார்த்து, என் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போகட்டும், இரண்டு நாள் வேலைதானே என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஹார்டிங் ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். 24-ஆம் தேதி பிறந்தநாள் விருந்து. வில்லாவின் பின்பக்க அறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வைத்து, அதற்குள் பீர் பீப்பாயை நிறுத்தி, ஃபிரிட்ஜ் கதவிலேயே இரண்டு குழாய் பொருத்தி, மதுவிடுதியில் பிடிப்பதுபோலத் தன் கையால் நண்பர்களுக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆகஸ்டிலேயே விலைப்பட்டியல் புத்தகம் வரவழைத்துக் கார்மேகத்திடம் காட்டி எது நல்லது என்று கேட்டார். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

புத்தகத்தில் பதினான்கு வகைக் குழாய் இருந்தது. ஹார்டிங்குக்குப் பித்தளையில் குரோம் பூசிப் பளபளவென்று இருந்ததன்மேல் கண். கார்மேகம் அதை ஒதுக்கினார். இந்த ஊர் உப்புக்காற்றில் பூச்சு ஒரே வருடத்தில் உரியும், உள்ளே பித்தளை பச்சை பிடிக்கும், முழுக்க ஸ்டீலில் இருப்பதை எடுங்கள் என்றார். பிறகு குறுக்குவெட்டுப் படத்தை விரலால் தடவிப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். சில குழாய்கள் பின்பக்கம் மூடுகின்றன. மூடிய பிறகு வாய்ப்பகுதியில் மிச்சம் தங்கிக் காற்றுப்பட்டுக் காயும், கைப்பிடி ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் மூடுவதில் அந்தத் தொல்லை இல்லை. பீர்க் குழாயை அதற்குமுன் அவர் பார்த்ததே கிடையாது. ஹார்டிங் அசந்துபோனார். அவர் சொன்னதையே வாங்கினார். அந்தத் தேர்வில் ஒரு குறையும் இல்லை என்பதைப் பின்னால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பார்சல் நவம்பர் 5 வந்தது. 7-ஆம் தேதி கார்மேகம் ஃபிரிட்ஜ் கதவின் உள் தகட்டைக் கழற்றி, குளிர்க்குழாய் எதுவும் குறுக்கே போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இருபத்திரண்டு மில்லிமீட்டரில் இரண்டு துளை போட்டார். துளைக்குத் துளை பத்து சென்டிமீட்டர், மட்டம் பார்த்து. 8-ஆம் தேதி குழாய்களை ஏற்றி உள்ளிருந்து முடுக்கினார். பெட்டியில் பீப்பாயிலிருந்து குழாய்க்குப் போக டியூப் வந்திருந்தது. உள்விட்டம் ஐந்து மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நீளம், சுருட்டி வைத்திருந்தது. பீப்பாய்க்கும் குழாய்க்கும் ஒரு மீட்டர்கூட இடைவெளி இல்லை.

இங்கேதான் கார்மேகத்தின் நாலு வருடத் தொழில் அவர் காலை வாரியது. நாலாவது மாடியில் தண்ணீர் சொட்டுச்சொட்டாக வருகிறது என்று ஏச்சு வாங்கி ஏச்சு வாங்கி அவர் கற்ற பாடம் ஒன்றுதான்: டியூப் பெரிதாக இருக்க வேண்டும், தூரம் குறைவாக இருக்க வேண்டும், வளைவு இருக்கக் கூடாது. விற்றவன் கஞ்சத்தனமாக மெல்லிய டியூப்பைத் தள்ளிவிட்டிருக்கிறான் என்று நினைத்தார். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, உணவுக்கு ஆகும் தரத்தில் பத்து மில்லிமீட்டர் டியூப் வாங்கி, தொண்ணூறு சென்டிமீட்டராக நறுக்கி, முனைகளையும் அதற்குத் தக்கபடி மாற்றி நேராக மாட்டினார். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஹார்டிங் கேமராவில் படம் எடுத்தார்.

பீப்பாயை 9-ஆம் தேதி இறக்கி ஒரு நாள் குளிரவிட்டார்கள். 10-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ஹார்டிங் கைப்பிடியை இழுத்தார். நுரை வந்தது. கோப்பை முழுக்க நுரை, கை முழுக்க நுரை, சுவரில் நுரை. அடியில் இரண்டு விரல் பீர்.

அடுத்த நான்கு நாளும் கார்மேகம் அந்த ஃபிரிட்ஜின் முன்னால்தான். பீரைத் தள்ளும் காஸ் சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்தார். நுரை குறைந்தது, மறுநாள் காஸ் இறங்கிப் பீர் செத்துவிட்டது என்று ஹார்டிங் சாக்கடையில் ஊற்றினார். குளிரைக் கூட்டினார். வாஷர் மாற்றினார். இரண்டு குழாய்களையும் நான்கு முறை பிரித்துக் கழுவி மாட்டினார். நுரையைக் கண்டவர்கள் எல்லாரும் குழாயைத்தான் சந்தேகித்தார்கள். தேர்ந்தெடுத்தவர் அவர் என்பதால் அந்தப் பழியும் அவருக்கே. மாலையில் சட்டை முழுக்க பீர் வாடையோடு கம்பெனி வண்டியில் ஏறினால் மற்றவர்கள், “மாப்ள, விருந்து இன்னிக்கேவா?” என்று கேலி செய்வார்கள். அறைக்குள் போகுமுன் பொதுக் குளியலறையில் சட்டையை அலசிவிட்டுத்தான் போவார்.

14-ஆம் தேதி விடுப்புத் தாளோடு மறுபடி ஹார்டிங்கிடம் போனேன். அவர் கோபக்காரர் அல்ல. சிரித்துக்கொண்டேதான், மாட்டியவன்தான் சரிசெய்ய வேண்டும், அவன் போய்விட்டால் நான் யாரைக் கேட்பது, குழாய் சரியானதும் போகட்டும் என்றார். 19-ஆம் தேதி ஊரில் என்ன இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். குடும்பத்தில் பேசுவதுதானே, ஒரு வாரம் தள்ளிப் பேசச் சொல்லுங்கள் என்றார். 16-ஆம் தேதி விமானம் கார்மேகம் இல்லாமல் போனது.

அதற்கு முந்தின நாள், 15-ஆம் தேதி மாலை, கார்மேகம் தன் கட்டடத்து மேல்மாடியில் இருந்த வினோஜனை வில்லாவுக்கு அழைத்துப் போனார். யாழ்ப்பாணத்துப் பையன், மனாமாவில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை. அன்று அவனுக்கு ஓய்வு. நானும் போயிருந்தேன். வினோஜன் ஒரு கோப்பை பிடித்துப் பார்த்தான்.

“அண்ணை, இது பியர் இல்லை. சவுக்காரத் தண்ணி.”

பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

“இதோட வந்த மெல்லிய டியூப் எங்கை?”

“அது ரொம்ப சன்னமா இருந்துச்சுப்பா. நாந்தான் பெருசா மாத்திட்டேன்.”

“ஐயோ அண்ணை. தண்ணியெண்டால் கெதியா வரோணும். பியரை இழுத்துப் பிடிச்சு ஆறுதலா விடோணும். அதுக்குத்தானே அவ்வளவு நீளம் தந்தவங்கள்.”

கார்மேகம் என் பக்கம் திரும்பினார். “நாலு வருஷமா தண்ணி வரலன்னு திட்டு வாங்கியிருக்கேன் சார்,” என்று என்னிடம் சொன்னார். “வேகமா வருதுன்னு திட்டு வாங்குறது இதான் மொதத் தடவ.”

மெல்லிய டியூப்போடு குப்பை வண்டி 9-ஆம் தேதியே போய்விட்டது. வினோஜனின் ஹோட்டலில் உபரி டியூப் இல்லை. மனாமாவில் கிடைக்கவில்லை. துபாயிலிருந்து வரவழைத்தோம்; 18-ஆம் தேதி மாலைதான் வரும் என்றார்கள்.

வீரபாண்டி தினமும் போன் செய்துகொண்டிருந்தார். தம்பி வரமாட்டான் என்று தெரிந்ததும் ஒரு வழி சொன்னார். வேலை நிமித்தமாகத்தான் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று கம்பெனித் தாளில் முத்திரையோடு எழுதி அனுப்பினால் பெரியவர்கள்முன் வைக்கலாம். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்ற பேச்சு நிற்கும். கார்மேகத்துக்கு அது பெரிய பிடிமானமாகத் தெரிந்தது. நான் நான்கு வரி எழுதினேன்: மேற்படி ஊழியர் அவசரப் பராமரிப்புப் பணிக்காக நிறுத்திவைக்கப்பட்டுள்ளார். ஹார்டிங் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல மனிதனுக்கு இப்படி வறட்டுக் கடிதமா என்று கேட்டு, கிழித்துவிட்டுத் தானே ஒரு பக்கம் எழுதினார். கார்மேகம் நேர்மையானவர், திறமைசாலி, என் வீட்டுக்கு பீர்க் குழாய்களைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியவர், பீர் ஒழுங்காக வரும்வரை உடனிருந்து பார்க்கிறார் என்று மனமாரப் பாராட்டியிருந்தார். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

கையெழுத்திட்ட தாளில் ஓர் எழுத்தை மாற்றியவன் அல்ல நான். பீர் என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது என்று கார்மேகத்திடம் சொன்னேன். சொல்லாமல் விடவில்லை.

“அங்க யாருக்கு சார் இங்கிலீஷ் தெரியும்? முத்திரையத்தான் பாப்பாங்க. அனுப்புங்க,” என்றார்.

18-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை 11.10-க்கு மணப்பாறையில் ஒரு டெலிபோன் பூத்துக்கு அது ஃபேக்ஸில் போனது. மாலையில் டியூப் வந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு கார்மேகம் வேலையைத் தொடங்கினார். ஊரில் அப்போது ஒன்பதரை. பெரிய டியூப்பைக் கழற்றி, முனைகளை மாற்றி, மூன்று மீட்டரையும் வெட்டாமல் பீப்பாயின் தலைமேல் சுருட்டிக் கட்டி, காஸைத் திறந்து காத்திருந்தார். 10.40-க்கு ஹார்டிங் கைப்பிடியை இழுத்தார். பீர் சத்தமில்லாமல் கோப்பையின் ஓரமாக இறங்கி, மேலே ஒன்றரை விரல் நுரையோடு நின்றது. மூன்று கோப்பை பிடித்தார், மூன்றும் அப்படியே. கார்மேகத்தின் தோளில் தட்டி ஒரு கோப்பையை நீட்டினார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஹார்டிங் நான் கொண்டுபோயிருந்த விடுப்புத் தாளை வாங்கி அந்த ஃபிரிட்ஜின் மேலேயே வைத்துக் கையெழுத்திட்டார்.

10.55-க்கு வீரபாண்டியின் போன் வந்தது. கார்மேகத்தின் பழைய செல்போனில் எதிர்முனைப் பேச்சு பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். பன்னீர்செல்வம் முன்னேற்பாடாக முத்துராமன் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை அழைத்து வைத்திருந்தாராம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று முழுக் கடிதத்தையும் சபையில் படித்திருக்கிறார். முதல் பீரில் யாரும் பேசவில்லையாம். மூன்றாவதில் பின்னால் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்களாம். நாலு வருஷம் பஹ்ரைன்ல என்ன வேலைன்னு கேட்டதுக்கு இப்பத்தான் கம்பெனியே பதில் எழுதியிருக்கு என்றாராம் பன்னீர்செல்வம்.

கார்மேகம் தான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை என்று அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது நாகவள்ளி போனை வாங்கினாள்.

“நீங்க குடிக்கிறீங்களா இல்லையான்னு இங்க காலையிலேருந்து பேசிட்டாங்க. நான் அதக் கேக்கவே இல்ல.”

“நாகு, அந்தக் குழா—”

“பத்தொம்பதாந் தேதி வாங்கன்னேன். வரல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

போன் மறுபடி வீரபாண்டி கைக்குப் போய்விட்டது. ஹார்டிங் என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். வீட்டில் விசாரிக்கிறார்கள் என்று சொன்னேன்.

21-ஆம் தேதி கார்மேகம் புறப்பட்டார். நாற்பத்தைந்து நாள் விடுப்பு, ஜனவரி 4 வரை. அவர் போய்ச் சேர்ந்தபோது விராலிமலையில் நாகவள்ளி இல்லை. பேச்சு நடந்ததற்கு மறுநாளே சித்தப்பா மகள் உமாராணியோடு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். சீர்ச் சாமான்களைத் திரும்பக் கேட்கவில்லை. எதிலும் கைநாட்டோ கையெழுத்தோ ஆகவில்லை. பெரியவர்கள் தீர்த்துவிட்டதாக நினைத்தார்கள். அவள் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை.

இனிச் சொல்வது கார்மேகம் திரும்பி வந்து என்னிடம் சொன்னது.

அவளுக்கு ஞாயிறு மட்டும் ஓய்வு. நவம்பர் 26 தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் இவர் மணப்பாறையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறிப் போய், அவள் தங்கியிருந்த கம்பெனி விடுதி வாசலில் நிற்பார். பத்து மணி வாக்கில் அவள் வருவாள். எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் டீ குடிப்பார்கள். முதல் வாரம் இவர் குழாய், டியூப், நுரை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எப்பத் திரும்பணும்?” என்றாள். தேதியைச் சொன்னார். அடுத்த வாரங்களில் தன் தையல் மெஷினைப் பற்றியும் சூப்பர்வைசரைப் பற்றியும் பேசினாள். ஒருமுறை சிரித்தாளாம். வீட்டுக்கு வா என்று இவர் கேட்டபோது, எந்த வீட்டுக்கு, நீங்கள் இல்லாத வீட்டுக்கா என்று கேட்டாள். கம்பெனி ஒப்பந்தத்தில் இன்னும் இருபது மாதம் இருந்தது.

ஐந்து ஞாயிறு இப்படிப் போனது. ஆறாவது, விடுப்பில் கடைசி ஞாயிறு, டிசம்பர் 31. பத்து மணிக்கு அவள் வரவில்லை. பதினொன்றரைக்கு வாசல் காவல்காரர் வெளியே வந்து, கப்பலுக்கு அனுப்ப வேண்டிய சரக்கு மிச்சம் இருப்பதால் இன்றைக்கு எல்லாருக்கும் ஓவர்டைம், விடமாட்டார்கள் என்றார். நாகவள்ளி ஏதாவது சொல்லி அனுப்பினாளா என்று இவர் கேட்டார்.

“காத்துக்கிட்டு இருக்க வேணாம்னுச்சு தம்பி. பாத்துப் போகச் சொல்லுச்சு.”

கார்மேகம் அஞ்சு மணி பஸ் வரைக்கும் அங்கேதான் நின்றிருந்தார்.