தொடை வழியே ஈரலுக்கு

என் ஈரலில் புற்றுநோய்க் கட்டி. டாக்டர் தொடை இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயொன்றை விட்டு, ஈரல்வரை போய், கட்டிக்கு இரத்தம் ஓடும் வழியைச் சின்னச் சின்ன மருந்து மணிகளால் அடைத்தார். பட்டினி போட்டுக் கொல்லும் வைத்தியம். பட்டினி எனக்குப் பழக்கம், கட்டிக்குத்தான் புதிது.

“ஆறு மணித்தியாலம் காலை அசைக்காதீங்கோ, இரத்தம் பாயும்” என்றார்.

ஓர் ஊரில் ஆறு நாள் நில்லாத கால் அது. தாழ்வுபாடு என்ற மீனவக் கிராமத்தில் பிறந்த என் மனைவி, வள்ளம் கட்டுகிற முடிச்சுப் போட்டு, துவாயால் அதைக் கட்டிலோடு கட்டிவிட்டாள்.

நேரம் முடிந்ததும் வந்த தாதியால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை.

“அக்கா, ஆறு மணித்தியாலம் முடிஞ்சுது. அவிழ்த்து விடுங்கோ.”

“நான் ஆறு மணித்தியாலத்துக்கெண்டு கட்டேல்லை, மிஸ்ஸி” என்றாள் மனைவி.