பழைய துப்பாக்கிக்குப் புதுக் கண்

பட்டாளத்தில் இருந்த என் சித்தப்பாவுக்கு, அவருடைய அப்பாவைவிட வயதான ஒரு துப்பாக்கியைக் கொடுத்திருந்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சுனாமி முடிந்து தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கே புது போட்டும் புது வலையும் வந்துவிட்டன. நாட்டைக் காக்கப் போனவருக்கு மட்டும் பழசா?

மாசி மகத்துக்கு லீவில் வந்தவர், சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு விளக்கினார். தாங்கியில் வைத்துச் சுடுகிற பெரிய இயந்திரத் துப்பாக்கி அது. உடம்புதான் பழசு. குழலை மாற்றியாகிவிட்டது, தாங்கியை மாற்றியாகிவிட்டது. இருட்டிலும் குறி பார்க்கிற கண் ஒன்றும் புதிதாக மாட்டியிருக்கிறார்களாம்.

"பழைய போட்டுக்குப் புது இன்ஜின் வெச்சாப்ல," என்றார் அப்பா.

"அதேதாண்ணே. இன்னும் அம்பது வருசம் ஓடும்," என்று கத்தினார் சித்தப்பா.

கத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் கத்தாமல் பேசுகிறவர் யார்? இன்ஜின் சத்தத்துக்கும் அலைச் சத்தத்துக்கும் மேலே பேசிப் பழகிய வாய்கள். அதனால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவருக்கு இடப்பக்கம் நின்று குழம்பு வேண்டுமா என்று அம்மா இரண்டு தடவை கேட்டும் அவர் திரும்பவில்லை.

"பட்டாளத்துக்குப் போனதும் தம்பிக்குத் திமிரு ஜாஸ்தியாயிடுச்சு," என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்தாள்.

மறுநாள் கடற்கரையில் கூட்டம் நெரிந்தது. தீர்த்தவாரிக்கு வந்த சாமிகளை நான் பார்க்கட்டும் என்று சித்தப்பா என்னை இடது தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். இதுதான் சமயம் என்று அவர் காதில் வாயை வைத்தேன். "அந்தத் துப்பாக்கி வேணாம் சித்தப்பா. புதுசு குடுத்தாத்தான் வருவேன்னு சொல்லிடு."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இறக்கிவிட்டதும் ஒரு சிவப்பு பலூன் வாங்கிக் கொடுத்தார். சாமி முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார், இனி மீற மாட்டார் என்று நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

லீவு முடிந்து போனவர் அதே துப்பாக்கியோடுதான் இருப்பதாக அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டார். பொய்யரோடு எனக்கென்ன பேச்சு என்று நான் போகவே இல்லை.

அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சுடும்போது காதுக்கு வெறும் பஞ்சுதானாம். இடது காது போனதை, வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்கள் என்று மறைத்தே வைத்திருந்திருக்கிறார். அந்த இரும்புக்குக் குழல் தேய்ந்தால் புதுக் குழல், கண் தெரியாவிட்டால் புதுக் கண், தினமும் எண்ணெய். எண்ணெய் போட்டுத் துடைத்ததே என் சித்தப்பாதான். அவர் காதை எவனாவது ஒருத்தன் எட்டிப் பார்த்தானா? நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் துப்பாக்கி இன்னமும் நன்றாகச் சுடுகிறதாம்.

அன்று தோளில் உட்கார்ந்து நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்டிருக்கவில்லை. பிள்ளை பலூன் கேட்கிறது என்று நினைத்திருக்கிறார்.