ஆடி கழியட்டும் என்றார் அப்பா

எங்கள் ஊர் போவன்பள்ளி மார்க்கெட்டில் அத்தை ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, வாங்காமலே திரும்ப வைத்தாள். "எங்க வீட்டு மரத்துல இதைவிடப் பெரிசா காய்க்கும்" என்றாள். எங்க வீடு என்று அவள் சொன்னது போர்ச்சுகலில் கடலோரம் இருக்கும் வீட்டை. எனக்குச் சுருக்கென்றது.

அப்பாவின் ஒரே தங்கை அவள். லண்டனில் வேலை பார்த்து, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி, ஓய்வு பெற்றதும் மாமாவோடு போர்ச்சுகலில் குடியேறினாள். மாமா அந்த வீட்டில்தான் காலமானார். இதற்கிடையே பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகிவிட்டது. முன்பே குடியேறியவர்கள் தொடர்ந்து வசிக்கலாம். ஆனால் ஐந்து ஆண்டுகள் நிறைவதற்குள், வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அந்த உரிமை போய்விடும். அப்புறம் விருந்தாளியாக எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அத்தைக்கு அப்போது ஐந்து ஆண்டுகள் நிறைந்திருக்கவில்லை.

தை மாதத்தில் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதும் அத்தை சைனிக்புரியில் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். அவள் வந்தபிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனியில் அப்பா கைத்தடி இல்லாமலே கேட் வரை நடந்தார். ஆறு மாதக் கெடு முடிவதற்குள் போய்ச் சேர அத்தை ஆடி முதல் வாரத்தில் டிக்கெட் போட்டாள்.

"நக்கோ, வேண்டாம்! ஆடியில யாராவது கிளம்புவாங்களா? கழியட்டும்மா" என்றார் அப்பா. ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலமெல்லாம் பஞ்சாங்கத்தைத் தொட்டே பார்க்காத மனுஷர்! அத்தை சட்டத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "ஒரு மாசத்துல என்ன குடிமுழுகிடும்?" என்றார். மறுநாள் அவள் டிக்கெட்டை ரத்து செய்தாள். ஆடி கழிந்தது, கெடுவும் கழிந்தது. அப்பா நன்றாக நடமாடியதால் நோயைக் காரணம் காட்ட முடியவில்லை. ஆடி மாதத்தை எந்த ஊர்ச் சட்டம் ஒப்புக்கொள்ளும்?

அதிலிருந்து அத்தை எங்களோடுதான் இருக்கிறாள். அவள் இல்லாத வீட்டை இப்போது என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சென்ற மாதம் விசிட்டராக அங்கே போனவள் அப்பாவோடு போனில் பேசினாள்.

"வீடு எப்படிம்மா இருக்கு?"

"எல்லாம் வெச்ச இடத்துலயே இருக்குண்ணா. நான்தான் விருந்தாளி."

"உன்னைப் பிடிச்சு வெச்சது ஆடி இல்லம்மா. நான்தான்" என்றார் அப்பா.

"அன்னிக்கே தெரியும்ணா. அவர் போனப்புறம் என்னை இருன்னு சொன்னது நீ ஒருத்தன்தானே."