கை எடுக்காமல் கும்பிட்டேன்

விமானத்துல இன்ஜின் நின்னுடுத்துன்னா, ஓட்டற நான் ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுடுவேன். சிரிக்காதேங்கோ. போன மார்கழி பூரா இதுக்காக அழுதிருக்கேன். 'அடியேன்'னு ஆரம்பிக்கணும்னு அம்மா சொல்லித்தான் அனுப்பினா. எனக்கு அது சரளமா வராது. 'நான்'னே சொல்லிடறேன், சத்சங்கத்துக்கு வந்திருக்கற பாகவதாள் பொறுத்துக்கணும்.

என் பேர் வைதேகி. ஸ்ரீரங்கம் சித்திரை வீதி. பேங்க் வேலையை விட்டுட்டு, எல்லாரும் திட்டத் திட்ட, பைலட் பயிற்சியில சேர்ந்தேன். சின்ன விமானம், ஒரே இன்ஜின், ரெண்டே சீட்டு. தனியா பறக்க விடறதுக்கு முன்னாடி ஒரு பயிற்சி உண்டு. மேல போயிண்டிருக்கச்சே ஆசிரியர் சொல்லாம கொள்ளாம இன்ஜின் வேகத்தை அடியோட குறைச்சிடுவார். இன்ஜின் நின்னுடுத்துன்னு வச்சுண்டு, விமானத்தோட மூக்கைச் சரியா இறக்கி, கீழ ஒரு வயலைத் தேடி, அதுல இறங்கற மாதிரியே வரணும். தரைக்கு ஐந்நூறு அடி இருக்கச்சே வேகம் குடுத்துத் திரும்ப மேல ஏறிடலாம்.

எனக்கு மத்ததெல்லாம் வந்தது. இது மட்டும் வரலை. இன்ஜின் சத்தம் அடங்கினதும் "ரங்கா!"ன்னு கை தானா மேல போயிடும். எங்காத்துல அப்படித்தான் வளர்த்தா. ஆபத்துன்னா ரெண்டு கையையும் விட்டுடு, அவன் பார்த்துப்பான். ஒரு கையால எதையாவது பிடிச்சுண்டிருந்தா அது சரணாகதியே இல்லைம்பார் அப்பா.

ஆசிரியர் ரஃபீக் சார், பாலக்கரைக்காரர். கோவமே வராது அவருக்கு. அதுதான் இன்னும் வலிக்கும். மூணாம் தடவை நான் கையை விட்டப்போ கீழ காட்டிச் சொன்னார்: "அந்த வயல் நல்லா இருந்துச்சும்மா. நீங்க கும்பிட்ட நாலு செகண்டுல அது போச்சு. துஆ கேக்காதீங்கன்னு நான் சொல்வேனா? மனசுல கேளுங்க. கை அது வேலையப் பாக்கட்டும்."

இன்னொரு தடவை கை எடுத்தா தனியா அனுப்ப முடியாது, பயிற்சியை இதோட நிறுத்திக்கறதுதான் நல்லதுன்னும் சொல்லிட்டார்.

அன்னிக்குச் சாயங்காலம் கோவில்ல உற்சவர் நம்பெருமாள் முன்னாடி நின்னேன். என்ன வேண்டிண்டேன் தெரியுமோ? "உன்னைக் கும்பிடாம இருக்க எனக்குக் கத்துக்குடு." வாய்விட்டே சொல்லிட்டேன் போலிருக்கு, பக்கத்துல நின்ன மாமி என்னை ஒரு மாதிரியா பார்த்தா.

தை மாசம், ஒரு வியாழக்கிழமை காலம்பர. திருவெள்ளறைப் பக்கம் பறந்துண்டிருந்தோம். சார் இன்ஜினைக் குறைச்சார். 'ரங்கா'ன்னு மனசு கத்தித்து. கை அசையலை. சத்தியமா சொல்றேன், நான் அடக்கலை. யாரோ என் கை மேல கை வச்ச மாதிரி அது அங்கேயே இருந்தது. கீழ அறுப்பு முடிஞ்ச வயல் ஒண்ணு, காய்ஞ்சு நீளமா. அதைக் குறி வச்சுத் திருப்பினேன். காத்தும் எதிர்க்காத்து, இறங்க அதான் தோது. "சபாஷ்"னார் சார். ஐந்நூறு அடி வந்தது. "போதும்மா, மேல எடுங்க."

வேகம் குடுத்தேன். இன்ஜின் ரெண்டு தரம் இருமித்து. அப்புறம் நின்னே போயிடுத்து.

"நிஜமா நின்னுடுச்சும்மா. அதே வயல்தான். அப்படியே இறக்குங்க." சாரோட கை என் கையை ஒட்டித் தயாரா இருந்தது, ஆனா அவர் கன்ட்ரோலை வாங்கிக்கலை. அன்னிக்கும் அந்த நாலு செகண்டு போயிருந்தா எங்களுக்குக் கீழ இருந்தது கிணறும் தென்னந்தோப்பும்தான். வயலைத் தொட்டோம். தடதடன்னு ஓடி, வரப்புக்கு முன்னாடி நின்னோம். ஒரு சக்கரம் கோணித்து. எங்க ரெண்டு பேருக்கும் கீறல்கூட இல்லை.

எல்லா ஸ்விட்சையும் அணைச்சுட்டு இறங்கினப்புறம்தான் கோபுரத்தைத் தேடினேன். எந்தப் பக்கம் கோவில்னே புரியலை. சார் கையை நீட்டிக் காட்டினார். "ஸ்ரீரங்கம் அந்தப் பக்கம். இப்ப கும்பிடுங்கம்மா." தலைக்கு மேல கை கூப்பி ஓன்னு அழுதேன். திரும்பிப் பார்த்தா, அவரும் ரெண்டு கையையும் ஏந்திண்டு கண்ணை மூடி நிக்கறார்.

மாசியில தனியா பறந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் அப்பாவோட நம்பெருமாளைச் சேவிக்கப் போனேன். பொறந்ததுலேர்ந்து சேவிக்கற திருமேனிதான். அன்னிக்குத்தான் சரியா பார்த்தேன். ஒரு கை 'பயப்படாதே'ன்னு காட்டறது. இன்னொரு கை கதாயுதத்து மேல இருக்கு. 'அவனே ஒரு கையால பிடிச்சுண்டுதானேப்பா இருக்கான்'னு அப்பாகிட்ட மெதுவா சொன்னேன். அவர் அந்தக் கையை எட்டிப் பார்த்தார். "ஆமாம்டீ"ன்னார்.

உங்களுக்கும் ஒருநாள் சத்தம் அடங்கிப் போகலாம். அவனைக் கூப்பிடுங்கோ, நிச்சயம் வருவான். முழுசா நம்புங்கோ. கையில பிடிச்சிருக்கறதை மட்டும் கீழ விட்டுடாதேங்கோ. அவனே விடலை.