ஒட்டன்சத்திரம் என்று அசைந்த உதடுகள்

நடிகர் சூசை சாரை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்தில் நின்றிருந்த பின்னணிக் குரல் கலைஞர் வரதனிடம், இயக்குநர் என்னைக் கேட்கச் சொல்லியிருந்த ஒன்றை நான் கேட்கவில்லை. சூசை சார் பாதி பேசி விட்டுப்போன படத்துக்கு மீதியை நீங்கள் பேசித் தருவீர்களா என்பதுதான் அது. குழிமண் இன்னும் ஈரமாக இருந்தது.

செய்தி முந்தைய நாள் காலை வந்தது. நான் சாணார்பட்டியில் வீட்டில் இருந்தேன். அவருடைய அக்கா ஆரோக்கியம் அம்மாள் அழைத்தார். "தம்பி காப்பி கேட்டான்மா. போட்டு எடுத்துட்டு வாரேன், அதுக்குள்ள போயிட்டான்" என்றார்.

உங்களில் பலர் அவரை மௌங் என்ற திரைப்பெயரில்தான் அறிவீர்கள். பர்மாக்காரத் தந்தைக்கும் திண்டுக்கல் கத்தோலிக்கக் குடும்பத்துத் தாய்க்கும் ரங்கூனில் பிறந்தவர். தாய் கைக்குழந்தையான அவரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். தந்தை வரவே இல்லை. நினைவில் இல்லாத அந்தத் தந்தையின் முகமும், தாயின் பேச்சும் அவருக்கு வாய்த்தன. சினிமா முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழில் சீனக் கடத்தல்காரர், தெலுங்கில் ஜப்பானியக் கராத்தே ஆசான், மலையாளத்தில் நேபாளக் காவலாளி, இந்தியில் எந்த நாடு என்றே சொல்லப்படாத கொலையாளி. "எத்தனையோ நாட்டுக்காரனா செத்துருக்கேன் தாயி. திண்டுக்கல்காரனா ஒருக்காகூடச் சாகல" என்பார்.

அந்தப் படங்கள் எதிலும் அவர் குரல் கிடையாது. தமிழ்ப் படங்களில் அவருக்குப் பேசியவர் வரதன். மேடைகளில் மிமிக்ரி செய்கிறவர்கள் 'மௌங் குரல்' என்று செய்து காட்டுகிற, தமிழை உடைத்து உடைத்துப் பேசும் அந்தக் கரகரப்பு வரதனுடையது. படப்பிடிப்பில் சூசை சாரிடம், "சும்மா ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க சார், டப்பிங்ல பாத்துக்கலாம்" என்பார்கள். எண்கள் அவருக்கு அலுத்துவிட்டன. நான் உதவி இயக்குநராகச் சேர்ந்த புதிதில் ஒரு காட்சி. கதாநாயகனைக் கயிற்றில் தொங்கவிட்டு, கத்தியைக் கழுத்தில் வைத்து, கண்கள் சிவக்க அவர் உறுமினார்: "ரெட்டியார்சத்திரம். ஒட்டன்சத்திரம். விருப்பாச்சி. பழனி." திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் பஸ் நிற்கிற ஊர்கள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஷாட் கெட்டது. எல்லோரும் என்னை முறைக்க, அவர் மட்டும் கிட்டே வந்தார்.

"எந்தூரு?"

"சாணார்பட்டி சார்."

"அப்பச் சரி. நீ சிரிக்கலாம்."

ஆரோக்கியம் அம்மாள் தம்பியின் படங்களைப் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்றைப் பாதிவரை பார்த்தாராம். "மூஞ்சி அவன் மூஞ்சி, பேச்சு எவன் பேச்சோ. பேய் புடிச்சவனப் பாத்த மாதிரி இருந்துச்சு" என்று எழுந்து வந்துவிட்டார். இதைச் சூசை சார் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் திரும்பத் திரும்பச் சொல்வார்.

அதனால்தான், வடமதுரைப் பக்கத்து மல்லிகை விவசாயியாக நடிக்க ஒரு இளம் இயக்குநர் கூப்பிட்டபோது, அவர் கதையைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. "போஸ்டர்ல பேரு போடாட்டியும் போகுது தம்பி. பேச்சு மட்டும் என்னுதா இருக்கணும்" என்றார். இந்த முகத்துக்கு இந்தப் பேச்சு ஒட்டுமா என்று தயாரிப்புத் தரப்பில் தயங்கினார்கள். இயக்குநர் விடாமல் நின்றார்.

வாழ்நாளெல்லாம் நடித்தவர் டப்பிங் அறைக்குள் முதன்முதலாகப் போனது அந்தப் படத்துக்குத்தான். ஹெட்போனைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார். ஒலிவாங்கியைப் பார்த்து, "பேசலாமா?" என்று கேட்டுவிட்டு முதல் வசனத்தைப் பேசினார்: "ஏலே, செத்த நேரம் நிழல்ல உக்காரு." பேசியதைத் திரும்பப் போட்டுக் காட்டினோம்.

"ஓகேவா சார்?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"ஓகேயெல்லாம் நீங்க சொல்லுங்கப்பா. இது எங்க அம்மா பேசுறாப்ல இருக்கு. அம்மாவக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

இடைவேளை வரை பேசி முடித்தார். அதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. "மிச்சத்தப் பொங்கல் கழிச்சுப் பேசுவோம். மொத நாளே அக்காவ தியேட்டருக்குக் கூட்டிட்டு வரணும். நான் மறந்துட்டா நீ கூட்டிட்டு வந்துரு" என்றார். சொல்லிவிட்டுத் திண்டுக்கல்லுக்கு, அக்கா வீட்டுக்கு வந்தார். சென்னையிலிருந்து அவர் வந்த கடைசிப் பயணம் அது.

அடக்கத்தன்று வரதனை என்னைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒல்லியான, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். ஒரு பிடி மண் போட்டுவிட்டு ஆரோக்கியம் அம்மாளிடம் வந்து, "அம்மா, நான் வரதன்" என்றார். அந்த மூன்று சொல்லுக்குக் கூட்டம் முழுவதும் திரும்பியது. குழிக்குள் இருப்பவரின் குரல் வெளியே நின்று பேசியது போலிருந்தது. ஒரு பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஆரோக்கியம் அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்த மனுசன்? இம்புட்டு ஒல்லியா இருக்கீங்க. வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க."

வீட்டில் வரதன் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது, இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. "எனக்கு அவர் உதடு மட்டும்தாம்மா தெரியும். ஒட்டன்சத்திரம்னு அசையும். அதுமேல நான் 'ஒழிச்சிடுவான்'னு பேசுவேன். பாத்துப் பாத்து பழனிக்கு வழியே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மீதியை என்னைத்தானே கேப்பாங்க?" என்றார். நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படப்பிடிப்பில் பதிவான ஒலியை வைத்துக்கொள்ள வழியில்லை. எல்லாக் காட்சியிலும் ஜெனரேட்டரும் பஸ் ஹாரனும்.

பதிலை அவரே புரிந்துகொண்டார். ஆரோக்கியம் அம்மாளிடம் திரும்பி, "அவர் மாதிரி பேசக் கத்துக்கணும்மா" என்றார். ஊரில் லாட்ஜில் தங்கி, காலையில் வந்து அம்மாள் எதிரே உட்காருவார். அம்மாள் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டே திருத்துவார். "அம்புட்டுன்னு சொல்றதுக்கு எதுக்கு அம்புட்டு வாயத் தொறக்குறீங்க? கொசு போயிரும்." இத்தனை காலம் வரதன் குரலுக்குச் சூசை சார் முகத்தைக் கொடுத்தார். இப்போது அவர் பேச்சுக்கு வரதன் தன் குரலை வளைத்தார். நன்றாகவே வளைத்தார்.

சூசை சாரிடமிருந்து நான் வைத்திருப்பது படத்தில் சேராத ஒரு துண்டு ஒலி. முதல் வசனத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் அவர் கேட்ட அந்த "பேசலாமா?" என் போனில் இருக்கிறது.

படம் வெளியான அன்று திண்டுக்கல்லில் ஆரோக்கியம் அம்மாளை அழைத்துப் போனேன். முதல் பாதி முழுவதும் அவர் திரையைப் பார்த்து, "ஆமடா", "அப்படித்தான் கேளு" என்று தம்பிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இடைவேளையில் முறுக்கு வாங்கிக்கொண்டு அவசரமாக வந்து உட்கார்ந்தார். விளக்கு அணைந்து முதல் வசனம் வந்தது. அரங்கில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் முறுக்குப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"வரதன் நல்லாத்தாம்மா பேசுறாரு. தம்பி போயிட்டான்" என்று எழுந்தார்.

ஆட்டோ பிடித்து அவரை வீட்டில் விட்டேன்.