டிங்கரின் சிநேகிதருக்கு வந்த வளைவு

ஒற்றைக் கண்ணை மூடி, கன்னத்தைக் காரின் பின்கதவோடு ஒட்ட வைத்து முழங்காலில் நிற்கிறார் டிங்கர். கார்க்காரருக்குக் கதவு நன்றாகத்தான் தெரிகிறது. "முடிஞ்சுதா?" என்கிறார். தகட்டைத் தடவிக்கொண்டே போன டிங்கரின் உள்ளங்கை ஓரிடத்தில் நிற்கிறது. "அரை நூல் உள்ள போயிருக்கு. இப்படியே விட்டா எனக்குத் தூக்கம் வராது. நீங்க போய் டீ சாப்பிட்டு வாங்க." கார்க்காரர் டீ குடித்துவிட்டு வருகிறார். மறுபடியும் டீக்கு அனுப்பப்படுகிறார்.

ஒடுக்கு எடுப்பது அவருக்குத் தொழில் மட்டுமில்லை, சுபாவமே அதுதான். அடுத்த வீட்டில் துக்கம் கேட்கப் போனவர், இறந்தவரின் படம் சாய்ந்திருக்கிறதென்று நாற்காலி போட்டு ஏறி அதைச் சரிசெய்துவிட்டுத்தான் வருத்தம் தெரிவித்தார். மகளுக்குப் பார்த்த பையனைப் பற்றி அபிப்பிராயம் கேட்டபோது, "தங்கமான புள்ள. இடது தோள்தான் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார். மகள் அந்தப் பையனையே கட்டிக்கொண்டாள். மருமகன் இன்றுவரை மாமனார் முன்னால் அசையாமல் நிற்கிறார்.

இப்படிப்பட்ட மனிதருக்கா இது வரவேண்டும்? மழுப்புவானேன், சொல்லிவிடுவோம். ஐம்பது தாண்டிய வயதில் அவருடைய ஆணுறுப்பு வளைந்துவிட்டது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. எழுச்சியின்போதுதான் வம்பு. முதலில் சுருக்கென்று ஒரு வலி. பிறகு தோலுக்கு அடியில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அப்புறம் நாளாக ஆக ஒரு பக்கமாகச் சாய்மானம்.

வேறு யாராவது என்றால் பயந்துபோய் நாலு பேரைக் கேட்டிருப்பார்கள். இவர் பட்டறைக்காரர் ஆயிற்றே. "எங்க அடிபட்டுதுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது" என்று எல்லாக் காருக்கும் சொல்வதைத் தனக்கும் சொல்லிக்கொண்டு யோசித்தார். அப்படி எந்த விபத்தும் நினைவுக்கு வரவில்லை. சரி, மீதிப் பாதி வேலையைப் பார்ப்போம் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அது பலிக்காமல் போகவே, இரண்டு ஐஸ் குச்சிகளை முட்டுக் கொடுத்து, பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடி ஓரத்தில் ஒட்டுகிற டேப்பால் சுற்றினார். நினைத்தாலே நமக்குக் கூசுகிறது. அவருக்குக் கூசவில்லை. நம்பிக்கையோடு வேலைக்குப் போனார்.

"அண்ணே, டேப்பு எங்க போகுதுன்னே தெரியல" என்று பெயிண்டர் புலம்பினார்.

"எலி."

"எலி டேப்பையா தின்னும்?"

"இந்தக் காலத்து எலி எதையும் தின்னும்" என்று சொல்லிவிட்டு, டிங்கர் அடிமேல் அடி வைத்து நடந்து போனார். மாலையில் குளியலறையில் அந்த டேப்பைப் பிரித்தபோது அவர் பட்ட பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. வலி இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

மனைவிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவருடைய பெரிய கவலை. அந்த அம்மாள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். நடுங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க, கிளட்ச மெதுவா விடுங்க. அது லாரிதான், சிங்கமில்ல" என்று பதறாமல் சொல்கிறவர். விளக்கை அணைத்துவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முதலில் டிங்கர் தைரியமாக இருந்தார். வலி கூடியதும் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"எம்மேல எதுவும் கோவமா?"

"சேச்சே. உள்ள ஃபேன் காத்து ஒத்துக்கல."

கூடத்திலும் அதே கம்பெனி ஃபேன்தான். மனைவி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு இன்னும் வேதனையாக இருந்தது. பக்கத்தில் போய்ப் படுக்க ஆசைதான். ஆனால் அவள் கண்ணில் இனி நான் ஒன்றுக்கும் உதவாதவன் ஆகிவிடுவேன் என்று பயந்தார். அந்தப் பயம் வலியைவிட அதிகமாக வலித்தது.

ஒருநாள் காலையில் மனைவி சொன்னார்: "சாயங்காலம் பட்டறைக்கு லீவு சொல்லுங்க. ஆஸ்பத்திரி போகணும்."

டிங்கர் பாதி வேலையில் ஒரு காரை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். வழி முழுக்க, "உனக்கு என்னம்மா பண்ணுது? சொல்லேன்" என்று கெஞ்சினார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. காத்திருக்கும் அறையில் ஆண்களாகவே உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு செய்தித்தாளை முகம் மறைய விரித்திருந்தார்கள். மனைவியைப் பற்றிய கவலையில் டிங்கர் அதைக் கவனிக்கவில்லை. டோக்கன்காரப் பெண் வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டபோதும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்களத்தான் கூப்பிடறாங்க. எந்திரிங்க" என்றார் மனைவி.

டாக்டர் ஒரு பெண். மகள் வயதுதான் இருக்கும். "சொல்லுங்க சார், என்ன தொந்தரவு?"

டிங்கர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். என் சிநேகிதர் ஒருத்தருக்கு..." என்று இழுத்து, விஷயத்தைத் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

டாக்டர் முகத்தில் மாற்றமே இல்லை. சிநேகிதர்களுக்காக வருகிறவர்கள் அங்கே தினமும் வருவார்கள் போலிருக்கிறது. "சரி. உங்க சிநேகிதருக்கு வலி இருக்கா?"

"இருக்கு. பாவம்."

"அவரா ஏதாவது வைத்தியம் பண்ணிப் பாத்தாரா?"

"குச்சி வெச்சுக் கட்டினார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அத மட்டும் இனிமே பண்ணவே கூடாதுன்னு சொல்லுங்க. உள்ள எப்பவோ சின்னதா அடிபட்டு, ஆறும்போது தழும்பு விழுந்திருக்கலாம். அடிபட்டதே நிறைய பேருக்குத் தெரியாது. தழும்பு விரிஞ்சு கொடுக்காது, அதான் அந்தப் பக்கமா இழுக்குது. பலவந்தமா நிமித்தினா காயம்தான் அதிகமாகும். இது கேன்சர் இல்ல. யாருக்கும் ஒட்டாது. யாரு பண்ண தப்பும் இல்ல."

"தானா சரியாயிடுமா?"

"வலி பெரும்பாலும் குறைஞ்சிரும். வளைவு தானா போறது அபூர்வம். அதனால வலி, கட்டி, புதுசா ஒரு வளைவு, தாம்பத்தியத்துல சிரமம், இதுல எது தெரிஞ்சாலும் வெக்கப்படாம அப்பவே வந்துடணும். மருந்து, ஊசி, இழுத்துக் கொடுக்கற கருவின்னு ஆளப் பொறுத்து வழி இருக்கு. ஆபரேஷன் எல்லாருக்கும் தேவைப்படாது. ஆனா திடீர்னு படக்குன்னு சத்தம் கேட்டு வீங்கிப்போச்சுன்னா வீட்ல உக்காந்து யோசிக்கக் கூடாது, நேரா எமர்ஜென்சிக்கு ஓடி வரணும். சர்க்கரை இருக்கான்னும் அவரப் பாத்துக்கச் சொல்லுங்க."

சிநேகிதர் சார்பில் டிங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த மூச்சை ஒரு வழியாக விட்டார்.

டாக்டர் மறுபடி பேனாவை எடுத்தார். "வளைவு எந்தப் பக்கம்? எவ்வளவு இருக்கும்?"

டிங்கர் மறுபடி தரையைப் பார்த்தார். "அது... அவர்கிட்ட கேட்டுத்தான் சொல்லணும்."

மனைவி கடிகாரத்திலிருந்து பார்வையைத் திருப்பினார். மடியிலிருந்த கைப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தார். வலது கைச் சுட்டுவிரலை டாக்டர் முன்னால் நீட்டி, மேல்பக்கமாக லேசாக வளைத்து, சற்றே இடப்பக்கம் சாய்த்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, இன்னும் ஒரு துளி வளைத்தார்.